உரிமம் இல்லாத ஃபைனான்சியர்களின் பணிவான விண்ணப்பம்

அனுப்புநர்:
ஹெச்.பி. உள்ள பழைய காரை நேரடியாக வாங்கத் துணிந்தோர் சார்பில் ஒருவர்,
தமிழ்நாடு.

பெறுநர்:
மத்தியச் சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம்,
புதுதில்லி.

நகல்:
இந்திய ரிசர்வ் வங்கி, மும்பை. (‘இது எங்கள் துறை அல்ல’ என்று ஒருவர் மற்றவரைக் கைகாட்டும் தபால் செலவை மிச்சப்படுத்தும் பொருட்டு.)

பொருள்: அந்நியரின் கடனை வட்டியும் ஜாமீனும் இல்லாமல் அடைத்துவரும் பொதுமக்களுக்கு அங்கீகாரம் கோருதல் தொடர்பாக.

பார்வை: மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவுகள் 50 மற்றும் 51.

ஐயா / அம்மையீர்,

மனிதருக்கு மனிதர் நம்பிக்கை அற்றுப்போன காலம் இது என்று புலம்புகிறவர்கள் யாரும் ஃபைனான்ஸில் இருக்கும் பழைய காரை விலைபேசியதில்லை போலும். அந்த ஓரிடத்திலாவது நம்பிக்கை அழிந்துவிடாமல் தங்கள் அமைச்சகமும் வங்கிகளும் சேர்ந்து காத்துவருகின்றன. அதற்கு நன்றி சொல்வதே இந்த விண்ணப்பத்தின் முதல் நோக்கம். வங்கி யாரையும் நம்புவதில்லை. அது அதன் தொழில் தர்மம். ஆர்.டி.ஓ. ஆபீஸும் யாரையும் நம்புவதில்லை. கையெழுத்தும் முத்திரையும் இல்லாத எதுவும் அங்கே கண்ணில் படாது. ஆக, இந்த வியாபாரம் நடக்கத் தேவையான நம்பிக்கை முழுவதையும் முன்பின் அறியாத இரண்டு பேர், விற்பவரும் வாங்குபவரும், தங்கள் சொந்தக் கையிருப்பிலிருந்து போட வேண்டியிருக்கிறது. அதிலும் பெரும்பங்கு வாங்குபவருடையது. பணத்தை முதலில் எண்ணி வைப்பவர் அவர்தானே.

நடைமுறை தங்களுக்குத் தெரியாததல்ல. நகல் பெறும் அலுவலகத்துக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடனில் எடுத்த காரின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் உரிமையாளர் பெயரோடு கடன் கொடுத்த வங்கியின் பெயரும் ஏறிவிடும். இதைத்தான் ‘வண்டியில் ஹெச்.பி. இருக்கிறது’ என்கிறோம். அந்தப் பெயர் இருக்கும்வரை, 51-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவுப்படி, கடன் கொடுத்தவரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. ஹெச்.பி.யை நீக்க வேண்டுமானால் 35-ஆம் எண் படிவத்தில் உரிமையாளரும் ஃபைனான்சியரும் கையெழுத்திட வேண்டும். அதன்பிறகுதான் பெயர் மாற்றத்துக்கான 29, 30-ஆம் எண் படிவங்களுக்கு உயிர் வரும். கார் ஐந்து லட்சத்துக்கு விலைபேசி முடிந்தது, கடனில் மூன்று லட்சம் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். கடன் முடியாமல் வங்கியின் தடையில்லாச் சான்றான என்.ஓ.சி. கிடைக்காது. வாங்குபவரின் பணம் வராமல் கடன் முடியாது. மூன்று லட்சத்தைச் சும்மா கையில் வைத்திருப்பவர் பெரும்பாலும் காரை விற்க வந்திருக்கவே மாட்டார். பெயர் மாறும் என்ற உறுதி இல்லாமல் பணம் கொடுக்க வாங்குபவருக்கு நியாயமில்லை. என்.ஓ.சி. இல்லாமல் பெயர் மாறாது. இந்த வட்டத்தில் எங்கே தொடங்கினாலும் யாராவது ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு குதித்தாக வேண்டும். குதிக்க வேண்டியவர் இன்னார் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. குதிக்காமல் கடக்க ஒரு பாலமும் அது போட்டுவைக்கவில்லை.

மூன்று லட்சத்தை விற்பவரின் கடன் கணக்கில் கட்டிவிட்டுக் காத்திருக்கும் நாள்களில் வாங்குபவர் யார் என்பதுதான் எங்கள் ஐயம். காரின் உரிமையாளர் அல்லர், ஆர்.சி.யில் அவர் பெயர் இல்லை. வங்கியின் வாடிக்கையாளரும் அல்லர். கடன் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்து இல்லை. யாரோ ஒருவரின் கடனைத் தன் பணத்தில் அடைத்துவிட்டு, அந்தத் தொகை காராகத் திரும்பி வரும் என்று எதிர்பார்த்திருப்பவர். அப்படியானால் அவரும் ஒரு ஃபைனான்சியர்தானே? இதே கடனை முதலில் கொடுத்த வங்கி, சம்பளச் சீட்டும் ஆறு மாத வங்கிக் கணக்கும் பார்த்தது. 300-க்கும் 900-க்கும் இடையில் ஒரு சிபில் மதிப்பெண் கேட்டது. மாதா மாதம் டியூ தானாகக் கழிய உத்தரவு எழுதி வாங்கியது. அத்தனைக்கும் மேலாகக் காரையே ஈடாகப் பிடித்துக்கொண்டது. எங்கள் ஆள் பார்ப்பது ஆதார் நகல் ஒன்று. ‘நல்ல குடும்பம் சார்’ என்ற புரோக்கரின் சான்று ஒன்று. வட்டி கிடையாது. ஈடு கிடையாது. எனவே ரிசர்வ் வங்கியிடம் ஒரு விளக்கம் கேட்கிறோம்: 1934-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம் 45-ஐ.ஏ. பிரிவின்படி பதிவு பெறாமல் நாங்கள் இந்தத் தொழிலைச் செய்வது குற்றமாகுமா? பதிவு செய்துகொள்ளலாம் என்றால் மகிழ்ச்சி. ஏனென்றால் சட்டம் ஃபைனான்சியருக்குத் தரும் மரியாதையே தனி. கடன்காரர் டியூ கட்டத் தவறி, ஃபைனான்சியர் காரை எடுத்துக்கொண்ட பிறகு, உரிமையாளர் ஆர்.சி.யைத் தர மறுத்தாலும் தலைமறைவானாலும், பழைய ஆர்.சி.யை ரத்துசெய்து ஃபைனான்சியர் பெயரிலேயே புதிது வழங்க 51-ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு வழிசெய்கிறது. மூன்று லட்சம் கட்டிய எங்கள் ஆளுக்கோ, வங்கி கவுன்ட்டரில் ஒரு கேள்வி கேட்கும் உரிமைகூட இல்லை. ‘நீங்கள் தேர்டு பார்ட்டி, கஸ்டமரை வரச்சொல்லுங்கள்.’

பணத்தைக் கட்டியாயிற்று, கடன் முடிந்தது, இனி என்.ஓ.சி. வரவேண்டியதுதானே என்று கேட்கலாம். வரும், விற்பவருக்கு அதே வங்கியில் வேறு கடன் இல்லாவிட்டால். பைக் கடனோ தனிநபர் கடனோ கிரெடிட் கார்டு பாக்கியோ இருந்தால், ஒரு கடனுக்கு ஈடான பொருளை இன்னொரு கடனுக்காகவும் நிறுத்திவைக்கும் ஷரத்து பல கடன் ஒப்பந்தங்களில் உண்டு. நிதி நிறுவனங்களுக்கான ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதிகளும் இதற்கு இடம் தருகின்றன: வேறு நியாயமான பாக்கி இருந்தால் ஈட்டைப் பிடித்துவைக்கலாம், ஆனால் முழு விவரத்துடன் கடன் வாங்கியவருக்கு அறிவிப்புத் தர வேண்டும். விதியில் குறையே இல்லை. அறிவிப்பு போய்ச்சேரும் விலாசம்தான் வேறு. யாருடைய பணம் சிக்கியிருக்கிறதோ அவரைத் தவிர சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடும். தன் மற்ற பாக்கிகளை மறைக்க வேண்டும் என்ற கெட்ட எண்ணம் விற்பவருக்கு இருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தின் இருபதாவது பக்கத்தில் இருக்கும் ஷரத்து அவருக்கும் அன்றைக்குத்தான் தெரியவரும்.

காலக்கெடுக்களையும் சற்றுப் பாருங்கள். கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவேடுகளில் ஏற்றிய ஈட்டுக் குறிப்பையும் நீக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13 அன்று, கார் கடனையும் உள்ளடக்கிய தனிநபர் கடன்களுக்கு ஆணையிட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. தங்கள் சட்டத்தின் 50-ஆம் பிரிவோ, அதே மாநிலத்துக்குள் விற்பனை என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. பணம் கட்டிய அன்றே காரையும் கைமாற்றிக்கொண்டவர்களின் நிலை என்ன? வங்கி ஆணையை அட்சரம் பிசகாமல் பின்பற்றி முப்பதாவது நாள் ஆவணம் தந்தால், விற்றவரின் கெடு அதற்குப் பதினாறு நாளுக்கு முன்பே முடிந்திருக்கும். மூவரும் ஒழுங்காக நடந்தும் ஒருவர் சட்டத்தை மீறியவராவது ஒரு நுட்பமான ஏற்பாடு. வங்கி தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு என்று அதே ஆணை சொல்கிறது. யாருக்கு? கடன் வாங்கியவருக்கு. தாமதத்தால் தவிப்பது வாங்குபவர், இழப்பீடு பெறுவது விற்பவர். இனி கார் விற்பவர்கள் ‘என்.ஓ.சி. சீக்கிரம் வராமலிருக்க அருள்வாய்’ என்று வேண்டிக்கொண்டால் அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஒருவழியாக என்.ஓ.சி. வந்தாலும் அதன் ஆயுள் பெரும்பாலும் மூன்று மாதம். அதற்குப் பிறகு புதிதாகக் கேட்க வேண்டும். கடன் இருக்கிறது என்ற பதிவு ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. கடன் இல்லை என்ற உண்மை மட்டும் தொண்ணூறு நாளில் கெட்டுவிடுகிறது.

இதையெல்லாம் பார்த்து மிரண்டவர்கள் இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். ‘பெயர் அப்படியே இருக்கட்டும், மிச்ச டியூவை நான் கட்டிக்கொள்கிறேன், வண்டியை நான் ஓட்டிக்கொள்கிறேன்.’ கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களும் முத்திரைத்தாள் ஒப்பந்தமும் கைமாறும். தங்கள் நடைமுறை பெற்றெடுத்த பிள்ளை இது. முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு மாதம் டியூ தவறினால் வங்கி தேடிவருவது ஆர்.சி.யில் பெயர் உள்ளவரை; தூக்கிக்கொண்டு போவது வாங்கியவர் வாசலில் நிற்கும் காரை. விபத்து நடந்தாலோ நிலைமை தலைகீழ். நவீன் குமார் எதிர் விஜய்குமார் வழக்கில், கார் பல கைகள் மாறிவிட்ட பின்னரும், பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. விபத்தில் அடிபட்டவர் கைமாறிய சங்கிலியைத் தேடி அலைய முடியாது என்பதால் அந்தத் தீர்ப்பு நியாயமானதே. ஆனால் விளைவைப் பாருங்கள்: விற்றவருக்குக் கார் இல்லை, விபத்துப் பொறுப்பு இருக்கிறது, வாங்கியவரிடம் கார் இருக்கிறது, அதன்மேல் உரிமை இல்லை. இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி ஆபத்தை எடுத்துக்கொள்ள, வங்கி மட்டும் முழுப் பாதுகாப்போடு இருக்கிறது.

தங்கள் தரப்பில் சொல்லக்கூடிய மறுப்புகளை நாங்களே எடுத்துவைக்கிறோம். முதலாவது: ‘ஆர்.சி.யிலேயே ஹெச்.பி. என்று போட்டிருக்கிறதே, பார்த்துத்தானே வாங்குகிறீர்கள்?’ உண்மை, இதில் இந்தியா பல நாடுகளைவிட மேல் என்பதை மனமார ஒப்புக்கொள்கிறோம். பிரிட்டனின் வாகனப் பதிவு ஆவணத்தில் கடன் விவரமே இருக்காது. ஆனால் அங்கே 1964-ஆம் ஆண்டின் ஹையர் பர்ச்சேஸ் சட்டம், தவணை முடியாத கார் என்று தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கிய தனிநபரின் உரிமையைக் காப்பாற்றுகிறது. ஆஸ்திரேலியாவில் 2012 ஜனவரி முதல் அசையும் பொருள்களின் மீதான கடன்களுக்கு நாடு முழுமைக்கும் ஒரே பதிவேடு இருக்கிறது. இரண்டு டாலர் கட்டித் தேடி, கடன் இல்லை என்ற சான்றிதழைப் பெற்று, அன்றோ மறுநாளோ காரை வாங்கிவிட்டால், பிறகு பதிவேட்டில் இல்லாத கடனைச் சொல்லி யாரும் காரைப் பறிக்க முடியாது. அங்கெல்லாம் எச்சரிக்கையோடு ஒரு பாதுகாப்பும் சேர்ந்து வருகிறது. இங்கே எச்சரிக்கையைத் தந்துவிட்டோம், ஆகவே பாதுகாப்பு தேவையில்லை என்று முடித்துவிடுகிறோம். ஹெச்.பி. இருப்பது தெரியாமல் ஏமாறுபவர்களைப் பற்றியதல்ல இந்த விண்ணப்பம். தெரிந்தும், மறைக்காமலும், சட்டப்படி வாங்க நினைப்பவர்களுக்கு வழி எது என்பதே கேள்வி.

இரண்டாவது மறுப்பு, வாடிக்கையாளரின் ரகசியம். ஒருவரின் கடன் பாக்கியை இன்னொருவருக்கு எப்படிச் சொல்வது என்று வங்கி கேட்கும். சொல்ல வேண்டாம், அந்த ‘ஒருவர்’ எழுதித் தராதவரை. விற்பவரே சம்மதக் கடிதம் கொடுத்த பிறகு காக்கப்படுவது யாருடைய ரகசியம்? கடன் கொடுத்தவர் யார் என்பது ஆர்.சி.யிலேயே அச்சாகியிருக்கிறது, தெரியாதது தொகை மட்டும்தான். அதுவும் வெறும் அசல் பாக்கி அல்ல: நிலையான வட்டிக் கடன் என்றால் முன்கூட்டி முடிக்கும் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., தவறிய டியூவுக்கு அபராதம் எல்லாம் சேரும். இந்தக் கணக்கு விற்பவர் வாய்மொழியாகவே வாங்குபவரை எட்டுகிறது. கட்டிய பிறகு ‘இன்னும் பதினோராயிரம் பாக்கி’ என்று வந்து நின்றால், இருவரில் யார் பொய் சொன்னார் என்ற சண்டை மூளும். பெரும்பாலும் யாரும் பொய் சொல்லியிருக்கமாட்டார்கள். சொல்ல வேண்டியவர் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது: ‘நேரடியாக ஏன் வாங்குகிறீர்கள், டீலரிடம் போங்களேன்.’ டீலர்களைத் தாங்கள் கவனித்துக்கொண்டதை அறிவோம். 2022 டிசம்பரில் விதிகளைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வாகன டீலர்களுக்கு அங்கீகாரச் சான்று, கார் கைமாறியதை ஆன்லைனில் தெரிவிக்கும் வசதி, தம்மிடம் உள்ள காரின் உரிமையாளராகக் கருதப்படும் நிலை எல்லாம் தந்தீர்கள். நல்ல சீர்திருத்தம், பெயர் மாற்றாமலேயே கார்கள் கைமாறிச் சுற்றுவதைத் தடுக்க அது தேவைதான். ஆனால் அதிலிருந்து தெரிவது என்ன? கைமாறும் இடைக்காலத்தில் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு விதியால் பதில் எழுத முடியும் என்பது தெரிகிறது. இடையில் லாபம் வைத்து விற்பவருக்கு எழுத முடிந்த பதிலை, லாபம் வைக்காத இரண்டு குடிமக்களுக்கு எழுத முடியாதா?

வங்கிக்கும் இது புதிய வித்தை அல்ல. வீட்டுக் கடன் உள்ள வீட்டை விற்கும்போது, பாக்கித் தொகையையும் தன்னிடம் உள்ள பத்திரங்களின் பட்டியலையும் வங்கி எழுதித் தருகிறது. வாங்குபவரின் வங்கி நேராக அந்தக் கடனை அடைக்கிறது. காரிலும் வாங்குபவர் இன்னொரு வங்கியில் கடன் எடுத்தால் போதும், இரண்டு வங்கிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வழி பிறந்துவிடும். கடன் வாங்காமல் சேமித்த பணத்தோடு வருபவரிடம் மட்டும் பேச வங்கிக்கு வாய் வராது. சிக்கனத்துக்குத் தண்டனையும் கடனுக்கு மரியாதையும் தரும் இந்த ஏற்பாட்டைத் தேசிய சேமிப்பு விளம்பரங்களில் ஒரு வரியாகச் சேர்த்தால் மக்கள் ஏமாறாமல் இருப்பார்கள்.

எங்கள் கோரிக்கைக்குப் புதிய சட்டம் தேடி அலைய வேண்டியதில்லை. தங்கள் 51-ஆம் பிரிவுக்குள்ளேயே அதன் அச்சு இருக்கிறது. ஹெச்.பி. உள்ள வண்டியை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகவோ, விலாசம் மாற்றவோ, வண்டியின் அமைப்பை மாற்றவோ, ஆர்.சி. நகல் பெறவோ உரிமையாளர் ஃபைனான்சியரிடம் என்.ஓ.சி. கேட்டால், ஃபைனான்சியர் ஏழு நாளுக்குள் தர வேண்டும், அல்லது மறுப்பதற்கான காரணத்தை எழுதித் தெரிவிக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் இருந்தால் என்.ஓ.சி. தரப்பட்டதாகவே கருதப்படும். மௌனம் சம்மதம் என்பதை நாடாளுமன்றமே சட்டமாக்கியிருக்கிறது. அந்தப் பட்டியலில் பெயர் மாற்றம் மட்டும் இல்லை. ‘பெயர் மாற்றத்துக்கும் மௌனமே சம்மதம் என்றால் வங்கியின் ஈடு காற்றோடு போய்விடுமே’ என்ற மறுப்பு நியாயமானது. அதனால்தான் வெறும் மௌனத்தைக் கேட்கவில்லை, பணம் கட்டிய பின்னான மௌனத்தைக் கேட்கிறோம். விற்பவர் சம்மதம் எழுதித் தந்த ஏழு நாளுக்குள் வங்கி, கட்ட வேண்டிய முழுத்தொகை, அது செல்லுபடியாகும் தேதி, இந்தக் காரின் மேல் வேறு பாக்கிக்கான உரிமை கோரப்போகிறதா என்ற மூன்றையும் வாங்குபவர் பெயருக்கே எழுதித் தரட்டும். அந்தத் தேதிக்குள் அந்தத் தொகை கடன் கணக்கில் ஏறிய உடனே நான்காம் உட்பிரிவின் சம்மதம் தரப்பட்டதாகக் கருதப்படட்டும். விற்பவர் முன்கூட்டியே ஒப்படைத்த படிவங்களைக் கொண்டு தங்கள் ‘வாகன்’ இணையதளத்திலேயே ஹெச்.பி. நீக்கமும் பெயர் மாற்றமும் ஒரே விண்ணப்பமாக நடக்கட்டும். மிச்ச இரண்டு லட்சத்தை விற்பவர் அப்போது வாங்கிக்கொள்வார். வங்கிக்கு ஒரு பைசா குறையப்போவதில்லை. பணம் வராமல் எதுவும் அதன் கையை விட்டுப் போகப்போவதில்லை. குறையப்போவது ஒன்றே: வாங்குபவர் இலவசமாகச் சுமந்துவந்த ஆபத்து.

முத்திரைத்தாளில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, தகராறு வந்தால் நீதிமன்றம் போகலாமே என்று யாராவது குறிப்பெழுதக்கூடும். போகலாம். அந்த ஒப்பந்தம் விற்பவரைக் கட்டும், வங்கியைக் கட்டாது. ஐந்து லட்ச ரூபாய்க் காருக்கு வழக்கு நடத்தி முடிப்பதற்குள் காரின் பதிவுக்காலமே முடிந்துவிடலாம். தகராறுக்குப் பிறகு நியாயம் கிடைக்கும் என்று சொல்வதைவிட, தகராறே வராதபடி ஒரு கடிதம் எழுதுவது வங்கிக்கும் மலிவு, நீதிமன்றத்துக்கும் மலிவு.

எனவே, மேற்கண்ட விதியைச் செய்து தருமாறும், அதுவரை எங்களைப் பதிவுபெறாத, ஈடுபெறாத, வட்டிபெறாத ஃபைனான்சியர்களாக முறைப்படி அங்கீகரித்து அடையாள அட்டை வழங்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தங்களுக்குப் பல்வேறு அலுவல்கள் இருக்கும் என்பதை உணர்ந்தே இருக்கிறோம். ஆகவே பதில் எழுதும் சிரமத்தைத் தர விரும்பவில்லை. இக்கடிதம் கிடைத்த ஏழு நாளுக்குள் மறுப்பதற்கான காரணத்தை எழுதித் தெரிவிக்காவிட்டால், தாங்களே வகுத்த 51-ஆம் பிரிவின் வழிப்படி, இந்த விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே கருதிக்கொள்வோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தேர்டு பார்ட்டி.